பீரங்கியை உருக்கிக் கலப்பை செய்தவர்

புனே மாடல் காலனிப் பக்கம் போய் வருகிறவர்கள் லகாகி சாலை என்ற பெயரைப் பார்த்திருப்பார்கள். ஊருக்குப் புதிதாக வந்த நம்மவர்கள் பலர் அது ஏதோ மராத்தியில் ஒரு செடியின் பெயர் என்றோ, பழைய கிராமம் ஒன்றின் பெயர் என்றோ நினைத்துக்கொள்வது உண்டு. உண்மையில் அது ஒரு மனிதரின் பெயர்ச் சுருக்கம். ல என்றால் லட்சுமணராவ், கா என்றால் காசிநாத், கி என்றால் கிர்லோஸ்கர். தகப்பனாரின் பெயரிலுள்ள மூன்று முதலெழுத்துகளைச் சேர்த்து மகன் தன் பங்களாவுக்கு லகாகி என்று பெயர் வைத்தார். வீட்டின் பெயரே பிறகு சாலைக்கும் ஆயிற்று.

கிர்லோஸ்கர் என்ற பெயரைத் தமிழர்கள் புனேக்கு வந்த பிறகுதான் கேட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஊரில் கிணற்று மேட்டில், தகரக் கொட்டகைக்குள், டக் டக்கென்று ஓடிக்கொண்டிருந்த ஆயில் எஞ்சினிலும், பம்பு செட்டின் வார்ப்பட உடம்பிலும் அந்தப் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்த பிள்ளைகள் நம்மில் எத்தனையோ பேர். கவலை ஏற்றத்தில் மாடு கட்டி இறைத்த காலம் போய், ஒரு மணி நேரத்தில் வயல் நனைந்ததைக் கண்ட தலைமுறைக்கு அது வெறும் கம்பெனிப் பெயர் அல்ல. மழை பெய்த மாதிரி ஒரு பெயர். ஆனால் அந்தப் பெயருக்குரியவர் யார், எப்படிப்பட்டவர் என்பதை நம்மில் பலர் அறியோம். 87 ஆண்டுகள் வாழ்ந்த அந்தப் பெரியவரின் கதையை இங்கே சுருக்கமாகக் கூறுவோம்.

நிறம் தெரியாத ஓவியர்

லட்சுமணராவ் 1869-ஆம் ஆண்டு ஜூன் 20-ஆம் தேதி, அந்நாளைய பம்பாய் மாகாணத்தில் பெல்காம் ஜில்லாவைச் சேர்ந்த குர்லஹோசூர் என்ற கிராமத்தில் பிறந்தார். பெல்காம் இன்று பெலகாவி என்ற பெயருடன் கர்நாடகத்தில் இருக்கிறது. தகப்பனார் காசிநாத் பந்த், வேதாந்தத்தில் புலமை பெற்றவர். மகனும் நன்றாகப் படித்துக் குடும்பத்துக்குப் பெயர் தேடித் தருவான் என்று அவர் எதிர்பார்த்ததில் வியப்பில்லை. ஆனால் மகனுக்குப் புத்தகப் படிப்பில் மனம் செல்லவில்லை. படம் வரைவதிலும், இயந்திரம் எதைக் கண்டாலும் அது எப்படி ஓடுகிறது என்று உற்றுப் பார்ப்பதிலுமே நாட்டம்.

தகப்பனாருக்கு விருப்பம் இல்லாதபோதும், மூத்த சகோதரர் ராமு அண்ணா உதவிக்கு நின்றார். 1885-இல் லட்சுமணராவ் பம்பாய் ஜே.ஜே. ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். இரண்டு ஆண்டுகள் கழிந்த பிறகுதான் ஒரு குறை தெரிய வந்தது. சில நிறங்களை வேறு நிறங்களிலிருந்து பிரித்தறியும் சக்தி அவர் கண்களுக்கு இல்லை. ஓவியராக வேண்டும் என்று வீட்டை எதிர்த்து வந்த பிள்ளைக்கு இதைவிடப் பெரிய அடி வேறென்ன இருக்க முடியும்?

அவர் ஊருக்குத் திரும்பவில்லை. வர்ணத்தைக் கைவிட்டார், பென்சிலைக் கைவிடவில்லை. இயந்திர வரைபடத்துக்கு நிறம் தேவையில்லை, அளவும் கோடும் போதும். அதில் தேர்ந்து, அப்போது புதிதாக ஆரம்பிக்கப்பட்டிருந்த பம்பாய் விக்டோரியா ஜூபிலி டெக்னிகல் இன்ஸ்டிடியூட்டில் வரைபட ஆசிரியராக உத்தியோகம் பெற்றார். பாடம் நடத்திய நேரம் போக மற்ற நேரமெல்லாம் அங்கிருந்த பட்டறையிலேயே கழிந்தது. கடைசல், வார்ப்படம், பொருத்துதல் எல்லாம் அங்கே கண்ணால் பார்த்து, கையால் செய்து பழகியவை. இன்ஜினீயர் என்று பட்டம் எதையும் அவர் வாங்கியதில்லை.

கிடைக்காத பதவி உயர்வு

அந்நாளில் பம்பாய் வீதியில் ஒருவர் சைக்கிள் ஓட்டிப் போவதைக் கண்டார் லட்சுமணராவ். இரண்டே சக்கரத்தில் மனிதன் விழாமல் போகிறானே என்று மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். இவர் வியாபாரத்தைப் பார்த்தார். 1888-இல் பெல்காமில் ஒரு சைக்கிள் கடை உதயமாயிற்று. தம்பி பம்பாயிலிருந்து சைக்கிள்களை வாங்கி அனுப்புவார். அண்ணா அங்கே விற்பார், ஓட்டவும் கற்றுக் கொடுப்பார். கடையின் பெயர் கிர்லோஸ்கர் பிரதர்ஸ். அந்தச் சகோதரர்களின் பெயரால் பெலகாவியில் இன்றும் கிர்லோஸ்கர் சாலை என்ற கடைவீதி இருக்கிறது.

கடை ஒரு பக்கம் இருந்தாலும், உத்தியோகத்தை விடும் எண்ணம் அவருக்கு முதலில் இல்லை. மாதச் சம்பளம் வருகிற இடத்தை விட்டு வர யாருக்குத்தான் துணிவு வரும்? ஆனால் பதவி உயர்வுக்கு அவர் முறை வந்தபோது அந்த இடம் அவருக்குக் கிடைக்கவில்லை. ஆங்கிலோ-இந்தியர் ஒருவருக்குப் போயிற்று. வெள்ளையர் ஆட்சியில் இது புதிய செய்தி அல்ல. மனுப் போட்டுக் காத்திருப்பவர்கள் உண்டு, மனம் கசந்து அதே நாற்காலியில் ஓய்வு பெறும் நாள் வரை உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. உத்தியோகஸ்தர்களாகிய நமக்கு இரண்டும் நன்றாகத் தெரிந்தவையே. லட்சுமணராவ் வேலையை ராஜினாமா செய்துவிட்டு, பெல்காமுக்கு ரயில் ஏறினார். இனிமேல் பிறரிடம் உத்தியோகம் பார்ப்பதில்லை என்ற முடிவுடன் வந்தார். அந்த முடிவை வாழ்நாள் முழுவதும் காப்பாற்றினார்.

விலை போகாத கலப்பை

பெல்காமைச் சுற்றியுள்ள பகுதி கரிசல் பூமி. மழையை நம்பிச் சோளமும் பருத்தியும் விளையும் சீமை. 1876-லும், 1899-லும் தொடங்கிய பெரும் பஞ்சங்களில் மனிதரோடு மாடுகளும் ஆயிரக்கணக்கில் மடிந்த இடம். மாட்டுக்குச் சோளத்தட்டையை முழுசாகப் போட்டால் அடித்தண்டைத் தின்னாமல் கழித்துவிடும். அதையே துண்டு துண்டாக நறுக்கிப் போட்டால் வீணாகாது. ஆகவே லட்சுமணராவின் சிறிய பட்டறையிலிருந்து முதலில் வெளிவந்தது தட்டை நறுக்கும் இயந்திரம்.

அடுத்து அவர் கை வைத்தது கலப்பையில். மரக்கலப்பை மண்ணைக் கீறும், புரட்டாது. கரிசலில் ஆழமாக வேரோடும் களையை அதனால் அறுக்க முடியாது. சீமையிலிருந்து வந்த இரும்புக் கலப்பை மண்ணை வெட்டிப் புரட்டிப் போட்டது. ஆனால் அதன் விலை அதிகம். கொழு தேய்ந்துபோனால் மாற்றுக் கொழுவுக்குக் கப்பல் வரும்வரை காத்திருக்க வேண்டும். அதே கலப்பையை இங்கேயே வார்த்தால் என்ன என்று எண்ணி, 1903-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் செய்து முடித்தார்.

செய்து முடித்தாரே தவிர, வாங்க ஆளில்லை. இரும்பு பட்டால் பூமி விஷமாகிவிடும், பயிர் கருகிவிடும் என்று குடியானவர்கள் அஞ்சினார்கள். முதல் கலப்பை விற்க இரண்டு ஆண்டுகள் ஆயின. ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, இரண்டு ஆண்டுகள்! பட்டறையில் செய்து வைத்த கலப்பைகள் அப்படியே கிடக்க, தினந்தோறும் காலையில் எழுந்து அவற்றைப் பார்த்தபடி வேலைக்குப் போன மனிதரை நாம் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

குடியானவனை மூடன் என்று திட்டுவது எளிது. பட்டணத்துப் படிப்பாளிகள் அதைத்தான் செய்வார்கள். ஆனால் குடியானவனின் பக்கத்திலிருந்து பார்த்தால் அவன் அச்சத்தில் நியாயம் உண்டு. அவனிடம் இருப்பது ஒரு துண்டு நிலம், ஒரு ஜோடி மாடு. புதிய கருவியால் ஓர் ஆண்டு விளைச்சல் போனால், அவனுக்கு நஷ்ட ஈடு தர யாரும் இல்லை. பட்டறைக்காரனுக்குப் போவது ஒரு கலப்பை. உழுபவனுக்குப் போவது ஒரு வருஷச் சோறு. லட்சுமணராவ் இதைப் புரிந்துகொண்டவர். குற்றம் குடியானவனிடம் என்று பட்டறையை மூடவில்லை, வேறு வியாபாரத்துக்கும் ஓடவில்லை. உழுகிறவன் ஒருமுறை கையில் பிடித்து ஓட்டிப் பார்த்து நம்பும்வரை காத்திருந்தார். அப்படி வந்த நம்பிக்கை பிறகு ஐம்பது வருஷம் நின்றது.

சப்பாத்திக் கள்ளிக் காடு

கலப்பை விற்கத் தொடங்கிய வேளையில் அடுத்த இடி விழுந்தது. பெல்காமில் புதிய குடியிருப்பு அமைப்பதற்காக, பட்டறை இருந்த இடத்தைக் காலி செய்யும்படி நகராட்சி உத்தரவிட்டது. உலையும் கடைசல் இயந்திரங்களும் வைத்திருப்பவன் எங்கே போவான்? கையில் மூலதனம் இல்லை, வேறு நிலமும் இல்லை.

அப்போது கைகொடுத்தவர் அவுந்த் சமஸ்தான அரசர் பாலாசாகேப் பந்த் பிரதிநிதி. புனே நகரத்தை ஒட்டியுள்ள அவுந்த் என்று வாசகர்கள் எண்ணிவிடக் கூடாது. இது சதாரா ஜில்லாவிலுள்ள அவுந்த். அக்காலத்தில் சிறியதொரு சுதேச சமஸ்தானத்தின் தலைநகர். அரசர் தாமே ஓவியர். சூரிய நமஸ்காரப் பயிற்சியை நாடெங்கும் பரப்பியவர். தமது சமஸ்தானத்தில் கட்டட வேலை ஒன்றை எடுத்துச் செய்துகொண்டிருந்த லட்சுமணராவின் சங்கடத்தை அறிந்து, நிலமும் கடனும் தர முன்வந்தார்.

நிலம் 32 ஏக்கர், குண்டல் ரோடு ரயில் நிலையத்தை ஒட்டியது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வேயின் புனே - மிரஜ் பாதையில், அன்று மீட்டர் கேஜ் வண்டிகள் ஓடிய நாளில், அது ஒரு சிறிய ஸ்டேஷன். சுற்றிலும் சப்பாத்திக் கள்ளி, கல், பாம்பு. பயிருக்கு ஆகாத தரிசு என்பதைப் பார்த்தவுடனே சொல்லிவிடலாம். ஆனால் இரும்பையும் நிலக்கரியையும் கொண்டுவந்து இறக்கவும், கலப்பையை ஏற்றி அனுப்பவும் பக்கத்திலேயே ரயில் இருந்தது. தொழில் செய்கிறவனுக்கு அது பெரிய வரம்.

1910-இல் 25 தொழிலாளர்களும் அவர்கள் குடும்பங்களும் அந்தப் பொட்டலில் வந்து இறங்கினார்கள். முதலில் கள்ளியை வெட்டினார்கள், பாம்பை விரட்டினார்கள், கூரை போட்டார்கள், பிறகு உலை மூட்டினார்கள். அந்தக் குடியிருப்புக்குக் கிர்லோஸ்கர்வாடி என்று பெயர் வந்தது. பின்னால் ரயில் நிலையத்தின் பெயரும் அதுவே ஆயிற்று. பிற்காலத்தில் மகன் சாந்தனுராவ் தமது வாழ்க்கை வரலாற்றை எழுதியபோது, கள்ளியும் ரோஜாவும் என்று பொருள்படும்படி அதற்குத் தலைப்பிட்டார்.

பரீட்சையில் தேறாதவர்களின் ஊர்

கிர்லோஸ்கர்வாடியைக் கட்டியவர்கள் யார் யார் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ஊரின் அமைப்பையும் நிர்வாகத்தையும் கவனித்தவர் அண்ணா ராமு. இயந்திர வேலையைப் பார்த்தவர் சம்புராவ் ஜாம்பேகர். விற்பனையும் வழக்கு வியாஜ்யமும் பார்த்த கே.கே. குல்கர்னி பள்ளிப் படிப்பில் தேறாதவர். புதிய கருவிகளை வடிவமைத்த அனந்தராவ் பல்னிகர் படிப்பைப் பாதியில் விட்டவர். கணக்கைப் பார்த்தவர் மங்கேஷ்ராவ் ரேகே. சர்டிபிகேட் இல்லை என்று உலகம் ஒதுக்கியவர்களிடம் லட்சுமணராவ் வேலையைக் கொடுத்தார். தாமும் சர்டிபிகேட்டால் வந்தவர் அல்லவே!

இதைவிடப் பெரிய துணிச்சலையும் அவர் காட்டினார். தொழிற்சாலையின் இரவுக் காவலுக்கு, சிறை சென்று மீண்ட இருவரை நியமித்தார். திருடன் கையில் சாவியா என்று மற்றவர்கள் பயந்திருக்கக் கூடும். ஆனால் அந்தக் காவலர்கள் நம்பிக்கைக்குப் பாத்திரமானவர்களாகவே இருந்தார்கள். பிறந்த சாதியாலேயே குற்றவாளி என்று முத்திரை குத்திச் சில சமூகங்களைப் போலீஸ் காவலில் வைத்திருந்த காலம் அது என்பதை நினைவில் கொண்டால்தான் இதன் அருமை விளங்கும். தீண்டாமைக்கும் தமது ஊரில் அவர் இடம் கொடுக்கவில்லை. வேதாந்தியின் மகன், பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர், நூறு வருஷத்துக்கு முன்னால் செய்த காரியம் இது.

பீரங்கிகளின் மறுபிறவி

1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. சீமையிலிருந்து இறக்குமதி குறைந்தது. இது சுதேசிப் பட்டறைக்காரருக்கு நல்ல வேளைதான். கலப்பைக்குத் தேவை கூடியது. ஆனால் வார்ப்புக்கு இரும்பும், உலைக்கு நிலக்கரியும் கிடைப்பதும் அதே போரால் கடினமாகிவிட்டது. நிலக்கரி இல்லாத நாளில் விறகுக்கரியைக் கொண்டு சமாளிக்கப் பார்த்தார்கள். இரும்புக்கு என்ன செய்வது?

கோலாப்பூர் சமஸ்தானத்தில் பழைய மராட்டியர் காலத்துப் பீரங்கிகள் பயன்படாமல் கிடந்தன. கோட்டைகளின் மீதிருந்து ஒரு காலத்தில் முழங்கியவை, பிறகு மழையிலும் வெயிலிலும் துருப்பிடித்துக் கொண்டிருந்தன. அப்போது கோலாப்பூர் மகாராஜாவாக இருந்தவர், பிற்படுத்தப்பட்டோருக்கு 1902-லேயே அரசு உத்தியோகத்தில் 50 சதவீத இட ஒதுக்கீடு செய்த ஷாகு மகாராஜ். அந்தப் பீரங்கிகள் அவரிடமிருந்து லட்சுமணராவுக்குக் கிடைத்தன. உலையில் உருகி, கிர்லோஸ்கர்வாடியிலிருந்து கலப்பைகளாக வெளியே வந்தன.

ஐரோப்பாவில் தேவாலய மணிகளைக்கூட உருக்கிப் பீரங்கி செய்துகொண்டிருந்த அதே சமயத்தில், இங்கே ஒரு மூலையில் பீரங்கியை உருக்கிக் கலப்பை செய்தார்கள் என்பது நினைத்து நினைத்து மகிழத் தக்க செய்தி. போர்க்களத்தைக் கண்ட இரும்பு, கடைசியில் நெற்களத்துக்கும் சோளக் களத்துக்கும் பாடுபட்டு ஓய்ந்தது. மனிதருக்குக் கிடைக்காத நல்ல முடிவு அந்தப் பீரங்கிகளுக்குக் கிடைத்தது என்றே சொல்ல வேண்டும்.

பம்பும் பத்திரிகையும்

போர் முடிந்து 1920-இல் கிர்லோஸ்கர் பிரதர்ஸ் லிமிடெட் கம்பெனியாகப் பதிவு பெற்றது. கலப்பையோடு கரும்பு ஆலை, நிலக்கடலை உடைக்கும் இயந்திரம், தண்ணீர் இறைக்கும் பம்பு என்று ஒவ்வொன்றாக வந்தன. எல்லாவற்றிலும் ஒரு பொதுத்தன்மையைக் காணலாம். உழவன் எந்த வேலையில் இடுப்பொடிகிறானோ, எந்த வேலையில் அவன் பொருள் வீணாகிறதோ, அந்த வேலைக்கு ஒரு கருவி. ஆடம்பரப் பொருள் செய்து பணக்காரருக்கு விற்பதை விட, கடன் வாங்கிக் கலப்பை வாங்குபவனை நம்பித் தொழில் நடத்துவது கடினம். அந்தக் கடினமான வழியையே அவர் தேர்ந்துகொண்டார்.

அதே 1920-இல் அண்ணன் மகன் சங்கரராவ் கிர்லோஸ்கர், கம்பெனிச் செய்திகளைத் தாங்கிய சிறு பத்திரிகை ஒன்றை ஆரம்பித்தார். கிர்லோஸ்கர் கபர் என்று தொடங்கிய அது, பிறகு கிர்லோஸ்கர் என்ற பெயரில் மராத்தியின் சிறந்த மாதப் பத்திரிகைகளில் ஒன்றாயிற்று. 1930-இல் பெண்களுக்கென்று ஸ்திரீ என்ற பத்திரிகையும் வந்தது. விதவை மறுமணம், பெண் கல்வி முதலியவற்றை மராத்திக் குடும்பங்களின் சமையலறை வரை கொண்டுபோன பத்திரிகை அது. கலப்பை மண்ணைப் புரட்டியதென்றால், பத்திரிகை பழைய எண்ணங்களைப் புரட்டியது.

மூத்த மகன் சாந்தனுராவ் 1903-இல் பிறந்தவர். ஏறக்குறைய கலப்பைக்குச் சமவயது. தாம் பெறாத படிப்பைத் தகப்பனார் மகனுக்குக் கொடுத்தார். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்விக்கூடத்தில் படித்துவிட்டு 1926-இல் சாந்தனுராவ் ஊர் திரும்பினார். 1941-இல் கர்நாடகத்து ஹரிஹரில் கடைசல் இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. அது பின்னாளில் மூடப்பட்டுவிட்டது. 1946-இல் பெங்களூரில் மின்சார மோட்டார் தொழிற்சாலையும், நமது புனேயில் கட்கி பகுதியில் ஆயில் எஞ்சின் தொழிற்சாலையும் உருவாயின. நம் ஊர்க் கிணற்று மேட்டில் ஓடிய எஞ்சினின் பிறப்பிடம் அந்தக் கட்கிதான். அங்கும் அதைச் சுற்றிய பட்டறைகளிலும் வேலை பார்த்துக் குடும்பத்தைக் காப்பாற்றிய தமிழர்கள் உண்டு.

எரிந்த ஊர்

வயது 78 ஆன பிறகு, ஓய்ந்து உட்கார வேண்டிய காலத்தில், கடைசிச் சோதனை வந்தது. 1948 ஜனவரி 30-ஆம் தேதி காந்தியடிகள் சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்றவன் மராத்திப் பிராமணன் என்ற செய்தி பரவியதும், மகாராஷ்டிரத்தின் பல ஊர்களில் ஒரு பாவமும் அறியாத பிராமணர்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. அந்தத் தீ கிர்லோஸ்கர்வாடியையும் விடவில்லை. சாதி பார்க்காமல் கட்டிய ஊர், சாதியின் பெயரால் கொளுத்தப்பட்டது.

கள்ளிக்காட்டை வெட்டி 38 வருஷம் வளர்த்த ஊர் எரிவதைக் கேட்ட கிழவரின் மனம் என்ன பாடு பட்டிருக்கும் என்பதை நாம் எழுத்தில் வடிக்க முடியாது. ஆனால் இத்தோடு போதும் என்று தொழிற்சாலை மூடப்படவில்லை. சாம்பலை அள்ளிவிட்டு மறுபடியும் உலை மூட்டப்பட்டது. கிர்லோஸ்கர்வாடி இன்றும் பம்பு செய்துகொண்டிருக்கிறது.

நிறம் தெரியாத கண்ணால் ஓவியம் போயிற்று, வரைபடம் வந்தது. பதவி உயர்வு போயிற்று, பட்டறை வந்தது. பெல்காம் போயிற்று, கிர்லோஸ்கர்வாடி வந்தது. ஒவ்வொரு முறையும் கதவை அடைத்தவர்களோடு அவர் மல்லுக்கு நின்று காலத்தைக் கழிக்கவில்லை. அடுத்த நாள் காலையில் வேலைக்குப் போனார். அவர் வாழ்க்கையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது எது என்று கேட்டால், கோடி கோடியாகச் சேர்த்த செல்வத்தை அல்ல; கலப்பை விற்காத அந்த இரண்டு ஆண்டுகளைத்தான் சொல்ல வேண்டும். அந்த இரண்டு ஆண்டுகளைத் தாண்ட முடிந்தவருக்கு மற்றதெல்லாம் தாமாக வந்தன.

20 பைசா தபால்தலை

லட்சுமணராவ் கிர்லோஸ்கர் 1956 செப்டம்பர் 26-ஆம் தேதி காலமானார். அவரது நூற்றாண்டு விழாவை ஒட்டி 1969 ஜூன் 20-ஆம் தேதி இந்தியத் தபால் இலாகா அவர் உருவம் பொறித்த 20 பைசா தபால்தலை ஒன்றை வெளியிட்டது. மகன் சாந்தனுராவ் 1994-இல் மறைந்தார். பேரன்கள், கொள்ளுப்பேரன்கள் காலத்தில் கம்பெனிகள் பலவாகப் பிரிந்தன. பெரிய குடும்பங்களில் நடப்பதுதான்.

வேறு பெருமைகளும் அவருக்கு உண்டு. ஆனால் உழுகிறவன் அவருக்கு அளித்த பெருமை தபால்தலையை விடப் பெரியது. மகாராஷ்டிரத்தின் கரிசல் சீமையில் இரும்புக் கலப்பை என்றாலே கிர்லோஸ்கர் கலப்பை என்று ஒரு காலத்தில் பெயர் வழங்கியது. இரும்பு விஷம் என்று அஞ்சிய அதே மக்கள், அதே கலப்பைக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள்.

டிராக்டர் வந்த பின் அந்தக் கலப்பைகளும் மூலைக்குப் போய்விட்டன. ஆயில் எஞ்சின் இருந்த இடத்தில் மின்சார மோட்டாரும், அதற்கப்பால் கிணற்றுக்குள்ளேயே மூழ்கி ஓடும் பம்பும் வந்துவிட்டன. பழைய கலப்பை கிடைத்தால் இப்போது எடைக்குப் போட்டு உருக்கிவிடுவார்கள். பீரங்கியாக இருந்து கலப்பையான இரும்பு அடுத்து என்னவாகுமோ தெரியாது. நல்ல காரியத்துக்கே போகட்டும்.

விடுமுறைக்கு ஊருக்குப் போகும் நம்மவர்களில், தாதரிலிருந்து மிரஜ், ஹூப்ளி வழியாகத் திருநெல்வேலி செல்லும் வண்டியில் போகிறவர்கள், சாங்லிக்குச் சற்று முன்னால் கொஞ்சம் ஜன்னல் பக்கம் பார்க்க வேண்டும். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில் கிர்லோஸ்கர்வாடி என்று எழுதியிருக்கும். நூறு வருஷத்துக்கு முன் குண்டல் ரோடு என்ற பெயரோடு, கள்ளியும் பாம்புமாகக் கிடந்த இடம் அது. அந்த ஸ்டேஷனில்தான் ஒரு நாள் 25 குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு வந்து இறங்கின. பிழைப்புத் தேடி மூட்டை முடிச்சோடு புனே ஸ்டேஷனில் இறங்கியவர்கள் நாமும்தான். அவர்கள் யாராயிருந்தாலும் நமக்கு உறவினர்களே.